சண்டை வருமுன் எழுதிவையுங்கள்: புதிய ராக் குழுக்களுக்குப் பங்கு, பெயர், பாட்டு, கணக்கு பற்றிய வழிகாட்டி

வாடகை அறையில் ஒத்திகை பார்த்து, கல்லூரி விழாக்களில் வாசித்து, முதல் பாட்டையும் வெளியிட்டுவிட்டீர்கள். இனி பணம் வரும். கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் வரும். சச்சரவும் கூடவே வரும். சென்னையில் நான் பேஸ் கிட்டார் வாசித்த குழு பிரிந்தபோது, பாட்டுகளை உருவாக்கியதைவிடக் கணக்குத் தீர்ப்பதற்குத்தான் அதிகம் அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நமக்குள்ளே எதற்கப்பா எழுத்து?’ என்று கேட்பவர் பெரும்பாலும் எழுத்து இல்லாததால் லாபம் அடைபவராக இருப்பார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்கும், அவ்வளவுதான். அவருக்கு ஏதும் உறுத்தாது. பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிப்பவருக்குத்தான் உறுத்தும், அவரோ கேட்கத் தயங்குவார். கேட்டால் விசுவாசம் இல்லாதவன் என்று பெயர் வந்துவிடும் அல்லவா?

1. நீங்கள் ஏற்கெனவே கூட்டாளிகள்தான்

பத்திரம் போடவில்லை, அதனால் நாங்கள் வெறும் நண்பர்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு தொழிலைச் சேர்ந்து நடத்தி லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டாலே, இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 உங்களைக் கூட்டாளிகளாகப் பார்க்கும். வாய்ப்பேச்சு போதும். பங்கு இவ்வளவு என்று நீங்கள் பேசிவைக்காவிட்டால் 13ஆவது பிரிவு எல்லாருக்கும் சமபங்கு என்கிறது. பாடகருக்கும் சமம், வாரம் ஒருமுறை தாமதமாக வரும் கீபோர்டுக்காரருக்கும் சமம்.

இங்கிலாந்துச் சட்டமும் இதே அச்சுதான். தி ஸ்மித்ஸ் குழுவில் பாடகர் மோரிஸ்ஸியும் கிட்டார் வாசித்த ஜானி மாரும் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு, பேஸ், டிரம்ஸ் வாசித்தவர்களுக்குப் பத்துப் பத்து சதவீதம் கொடுத்துவந்தார்கள். டிரம்மர் மைக் ஜாய்ஸ் வழக்குப் போட்டார். அந்தப் பங்கீட்டுக்கு அவர் ஒப்புக்கொண்டதாக நிரூபிக்க முடியவில்லை. 1996இல் நீதிமன்றம் ஒலிப்பதிவு, நிகழ்ச்சி லாபத்தில் அவருக்கு 25 சதவீதம் என்று தீர்ப்பளித்தது. 1998இல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. நாற்பதும் பத்தும் நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம். அதை எழுதி நால்வரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் வழக்குக்கே இடமிருந்திருக்காது.

ஆகவே முதல் வேலை, யார் கூட்டாளி, யார் கூலிக்கு வாசிப்பவர் என்று பிரிப்பது. ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி அழைத்த வயலின் கலைஞருக்கு அந்தத் தொகையை ஒரு வரி மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள். நிரந்தரமாக வாசிக்கிறார், சுவரொட்டியில் அவர் முகம் இருக்கிறது, ஆனால் பங்கு கிடையாது என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் யாரையும் வைக்காதீர்கள். 18 வயது நிரம்பாதவர் கூட்டாளியாக முடியாது. லாபத்தில் பங்கு மட்டும் தரலாம்.

2. பணத்தை நான்காகப் பிரித்துப் பாருங்கள்

‘எல்லாம் சமம்’ என்பது கேட்க நன்றாக இருக்கும். எல்லாம் என்றால் எவை? நிகழ்ச்சிக் கட்டணம், ஒலிப்பதிவிலிருந்து வருவது, பாட்டை இயற்றியவருக்கு வரும் ராயல்டி, டி-சர்ட் விற்பனை ஆகிய நான்கும் நான்கு விதம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பங்கு எழுதுங்கள்.

நிகழ்ச்சிக் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பேசிய தொகை 80,000 ரூபாய் என்று வையுங்கள். ஏற்பாட்டாளர் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டு 72,000 அனுப்புகிறார். ஒலிப் பொறியாளருக்கு 6,000, வேனுக்கு 9,000, ஒத்திகை அறைக்கும் சாப்பாட்டுக்கும் 3,000. மிச்சம் 54,000. அதில் 10 சதவீதமான 5,400 குழு நிதிக்கு. மீதி 48,600, நால்வருக்கும் ஆளுக்கு 12,150.

கணக்கு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. பிடித்த 8,000 எங்கே? யாருடைய பான் எண்ணைக் கொடுத்தீர்களோ அவருடைய வருமான வரிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. அவர் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத மாணவர் என்றால் அடுத்த ஆண்டு 8,000 ரூபாயும் அவர் கணக்குக்குத் திரும்பிவரும்; மற்ற மூவருக்கும் ஆளுக்கு 2,000 அவர் தரவேண்டும். அவரே நல்ல சம்பளத்தில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர் என்றால் கதை தலைகீழ். 80,000 ரூபாயும் அவருடைய வருமானமாகக் கணக்கில் ஏறி, நண்பர்களின் பங்குக்கும் சேர்த்து அவர் வரி கட்டுவார். நான் பார்த்தவரை, பாதிச் சண்டைகள் இந்த டி.டி.எஸ். தொகையிலிருந்து முளைத்தவை. யாரும் திருடவில்லை, ஆனால் எல்லாருக்கும் ஏமாந்த உணர்வு. குழுவுக்கென்று தனி பான் எடுக்கும்வரை, ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தனி பில் கொடுக்க ஏற்பாட்டாளர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் டி.டி.எஸ். தொகையைக் கணக்கேட்டில் தனிப் பத்தியில் எழுதி, வரி தாக்கல் முடிந்ததும் தீர்த்துவிடுங்கள்.

குழு நிதி எதற்கு என்பதையும் எழுதுங்கள். ஒருவருடைய சொந்த ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) பழுதானால் நிதியிலிருந்து சரிசெய்வதா? என் கருத்து, குழு நிகழ்ச்சியில் பழுதானால் ஆம், மற்றபடி இல்லை.

3. பாட்டு யாருடையது: ஒலிப்பதிவு நாளிலேயே ஒரு தாள்

இந்தப் படியைத் தள்ளிப்போடவே போடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957 ஒரு பாட்டை மூன்று சொத்துகளாகப் பார்க்கிறது: வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பதிவுசெய்த ஒலி தனி. ஒலிப்பதிவின் உரிமை, அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்த தயாரிப்பாளருக்கு. ஸ்டூடியோவை ஏற்பாடு செய்து பணமும் கட்டிய நண்பர், ‘தயாரிப்பாளர் நான்தானே’ என்று நாளை கேட்டால் உங்களிடம் பதில் இருக்கவேண்டும்.

மெட்டு யாருடையது என்பது இன்னும் சிக்கல். கிட்டாரில் நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கொண்டுவந்தவரா? அதன்மேல் முனகிப் பாடியவரா? எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கும் அந்த பேஸ் வரியை வாசித்தவரா? ஸ்பாண்டா பாலே குழுவில் பாட்டுகளை எழுதிய கேரி கெம்ப், ராயல்டியில் மற்றவர்களுக்குத் தந்துவந்த பங்கை நிறுத்தினார். பாடகர், டிரம்மர், சாக்ஸபோன் கலைஞர் மூவரும் 1999இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது என்பதையும் நீதிபதி ஏற்கவில்லை, சாக்ஸபோன் வாசிப்பைச் சேர்ந்து இயற்றியதாகவும் ஏற்கவில்லை. மறுபக்கம் புரோகல் ஹாரம் குழு. 1967இல் வெளிவந்த அவர்களுடைய பெரிய வெற்றிப் பாட்டில் ஆர்கன் பகுதியை அமைத்தவர் மேத்யூ ஃபிஷர். 2009இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவருக்கு இசையில் 40 சதவீதப் பங்கு உண்டு என்றது. ஆனால் அவர் உரிமை கோரிய 2005 முதல்தான் பணம். அதற்கு முந்தைய காலத்துக்கு ஒன்றும் கிடையாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நீதிமன்றம் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களால் ஊகிக்க முடியாது. ஆகவே ஒலிப்பதிவு முடிந்த அன்றைக்கே, ஸ்டூடியோவைவிட்டுக் கிளம்புமுன் ஒரு தாள் எழுதுங்கள். பாட்டின் பெயர், தேதி, வரிகள் யார் எத்தனை சதவீதம், இசை யார் எத்தனை சதவீதம், ஒலிப்பதிவு உரிமை யார் எத்தனை சதவீதம். ஒவ்வொன்றும் கூட்டினால் 100 வரவேண்டும். எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செலவு இல்லை, கால் மணி நேர வேலை. மறுநாள் என்று விட்டால், பாட்டு ஓடிய பிறகு எல்லாருக்கும் நினைவு மாறிவிடும்.

ஆர்.இ.எம். குழுவில் யார் எழுதினாலும் நால்வர் பெயரையும் போட்டார்கள். அந்த வழி எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒருவரே எல்லாவற்றையும் எழுதும் குழுவில் அது நீடிக்காது, அவருக்குள் புகைந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட குழுவில் எழுதியவருக்குப் பாதி, மீதிப் பாதியை எழுதியவர் உட்பட எல்லாரும் சமமாக என்று வைத்துக்கொள்ளலாம்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. செய்ய நினைத்தால் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14 நிரப்பவேண்டும். வரிகளுக்கும் இசைக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டிக்காக ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினரானால், பாட்டைப் பதியும்போது அங்கேயும் சதவீதம் கேட்பார்கள். கையெழுத்திட்ட தாளில் உள்ள எண்ணும் அங்கே கொடுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

4. கூட்டாண்மைப் பத்திரம்

தேவையான ஆவணங்கள்: எல்லாருடைய ஆதார், பான், புகைப்படம், குழுவின் முகவரிக்கு மின்கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம். முத்திரைத்தாளைக் கூட்டாளிகளில் ஒருவர் பெயரிலேயே வாங்குங்கள். அதன் மதிப்பு அவ்வப்போது மாறுவதால் வாங்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். தயார்ப் பத்திரத்தை நகலெடுத்துப் பெயரை மாற்றித் தருபவர்களிடம் எச்சரிக்கை. அவை கடைக்காரர்களுக்கு எழுதப்பட்டவை, பாட்டைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இருக்காது.

பத்திரத்தில் கட்டாயம் இருக்கவேண்டியவை சில.

வாக்கு. பத்திரம் பேசாவிட்டால், அன்றாட விஷயங்களில் பெரும்பான்மை முடிவு, தொழிலின் தன்மையை மாற்ற எல்லாரும் ஒப்பவேண்டும் என்கிறது சட்டம். ராக் குழு திருமணக் கச்சேரிக் குழுவாக மாறுவது அன்றாட விஷயமா? இதற்குத்தான் பட்டியல் வேண்டும்: ஒப்பந்தத்தில் கையெழுத்து, கடன், புதிய உறுப்பினர், பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு எல்லார் சம்மதமும், மற்றவற்றுக்குப் பெரும்பான்மை. நால்வர் குழுவில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் யாரைக் கேட்பது என்றும் இப்போதே முடிவுசெய்யுங்கள்.

நீக்கம். கூட்டாண்மைச் சட்டத்தின் 33ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் அதிகாரம் தராமல் பெரும்பான்மையினர் ஒரு கூட்டாளியை நீக்க முடியாது. அதிகாரம் இருந்தாலும் நல்லெண்ணத்தோடு பயன்படுத்தவேண்டும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டால் கூட்டாளி நீங்கிவிடுவதில்லை. காரணங்களை எழுதுங்கள், எழுத்தில் எச்சரிக்கை, பதில் சொல்ல அவகாசம் என்று வரிசையும் எழுதுங்கள்.

தனி வருமானம். விசுவாசம் பற்றிய சண்டைகள் எல்லாம் இங்கேதான். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நியாயமாகவும் விசுவாசமாகவும் நடக்கவேண்டும், உண்மையான கணக்குக் காட்டவேண்டும் என்று 9ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. 16ஆவது பிரிவோ, குழுவின் பெயர், தொடர்பு, சொத்து ஆகியவற்றால் ஒருவர் தனியாகச் சம்பாதித்தால் அதைக் குழுவுக்குக் கணக்குக் காட்டச் சொல்கிறது. ஓர் ஏற்பாட்டாளர் குழுவை விசாரித்துவிட்டு, ‘பட்ஜெட் இல்லை, நீங்கள் மட்டும் கிட்டாரோடு வாருங்கள், 25,000 தருகிறேன்’ என்று பாடகரை அழைக்கிறார். குழுவுக்கு வந்த அழைப்பு அது. வேறொரு இசையமைப்பாளர் கோரஸ் பாட அழைத்தால், அது பாடகருடைய தொண்டைக்கு வந்த அழைப்பு. இந்த இரண்டையும் பத்திரத்தில் பிரித்து எழுதுங்கள். முதல் வகைக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போகலாம், 20 சதவீதம் குழு நிதிக்கு என்பது போல ஒரு விதி போதும். இரண்டாவது வகையைத் தடுக்காதீர்கள். வேறு குழுவோடு வாசிக்கவே கூடாது என்று கட்டிப்போட்டால் மாத வாடகையை யார் கொடுப்பது?

ஊதியம். பத்திரத்தில் எழுதாவிட்டால் கூட்டாளிக்கு லாபப் பங்கு தவிர ஊதியம் கிடையாது. முன்பதிவு, விளம்பரம், மின்னஞ்சல் எல்லாம் பார்க்கும் நபர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்கு ஒரு சதவீதம் எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டே ஆண்டில் அவர்தான் முதலில் வெடிப்பார், அதுவும் நியாயமாகவே.

5. பதிவு செய்வதா வேண்டாமா

கூட்டு நிறுவனப் பதிவு தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிறது. கட்டாயமில்லை. ஆனால் பதியாத நிறுவனம், பணம் தராத ஏற்பாட்டாளர்மீது ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. கூட்டாளி இன்னொரு கூட்டாளிமீது பத்திரத்தை வைத்து வழக்குப் போடவும் முடியாது. நிறுவனத்தைக் கலைக்கவும், கலைத்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும் மட்டும் வழி திறந்திருக்கும். அதாவது, குழு வாழவேண்டும் என்று வழக்குப் போடமுடியாது, சாகவேண்டும் என்றுதான் போடமுடியும்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். நிறுவனத்துக்குத் தனி பான், தனி வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர் கட்டணம். தனிநபருக்கு உள்ள அடிப்படை விலக்கு நிறுவனத்துக்குக் கிடையாது. லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். கூட்டாளிகளுக்கு ஊதியம் உண்டு என்று பத்திரத்தில் இருந்தால் வரம்புக்குள் அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் வரி கட்டிய குழுக்கள் உண்டு. ஆண்டுக்கு நாலைந்து நிகழ்ச்சிதான் என்றால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொண்டு, வருமானம் கூடியபின் பதியுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு, சேவைகளுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டும்போது.

6. பெயரும் கடவுச்சொல்லும்

குழுவின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிய, பொழுதுபோக்குக்கான 41ஆவது வகுப்பில் இணையம்வழி விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அது இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். டிரேட்மார்க் இதழில் வெளியானபின் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம். எதிர்ப்பே வராவிட்டாலும் பதிவு கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

இதிலுள்ள பொறி, ‘அவசரத்துக்கு என் பெயரில் போட்டுவிடுகிறேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பது. விண்ணப்பதாரர் பெயரில் எல்லாக் கூட்டாளிகளும் இருக்கவேண்டும். சாக்ஸன் என்ற ஹெவி மெட்டல் குழுவிலிருந்து விலகிய இருவர் அந்தப் பெயரைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். பெயரின் நன்மதிப்பு கூட்டுக்குச் சொந்தம், தனித்தனி ஆட்களுக்கு அல்ல என்று 2003இல் இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லும்வரை இழுபறி. நம் கூட்டாண்மைச் சட்டத்தின் 36ஆவது பிரிவும், வெளியேறியவர் போட்டியாகத் தொழில் செய்யலாம், பழைய நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்றே சொல்கிறது.

யூடியூப், இன்ஸ்டாகிராம், பாட்டு வினியோகத் தளம், குழு மின்னஞ்சல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் வேண்டும். ஓ.டி.பி. யாருடைய கைபேசிக்குப் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். சில வினியோகத் தளங்களில் வருமானத்தைச் சதவீதப்படி நேராக ஒவ்வொருவருக்கும் அனுப்பும் வசதி இருக்கிறது. இருந்தால் உடனே போட்டுவிடுங்கள்.

7. சண்டை வந்துவிட்டால்

முதல் வாரத்தில் செய்யக்கூடாதவை: கடவுச்சொல்லை மாற்றுவது, பொதுக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது, சமூக ஊடகத்தில் பூடகமாகப் பதிவு போடுவது, ஒருவரைவிட்டு மற்றவர்கள் தனியாக வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது. இந்த நான்காவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அந்தப் பேச்சின் ஸ்கிரீன்ஷாட் எப்படியும் வெளியே வரும், அதற்குப்பின் பேச்சு கிடையாது.

ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக்கொடுங்கள். இதற்கிடையில் புகார் உள்ளவர் தன் கோரிக்கையைத் தொகையாகவும் தேதியாகவும் எழுதித் தரவேண்டும். ‘என்னை மதிக்கவில்லை’ என்பதற்குத் தீர்வு காண முடியாது. ‘ஆகஸ்டு நிகழ்ச்சிக் கணக்கு இன்னும் வரவில்லை’ என்பதற்கு முடியும். ஆத்திரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படியொரு ரசீதுதான் இருக்கும்.

அடுத்து, வெளியாள் ஒருவர். ஒலிப் பொறியாளர், ஒத்திகை அறை வைத்திருப்பவர், இன்னொரு குழுவின் மூத்தவர் என யாராகவும் இருக்கலாம். யாருடைய உறவினராகவும் இருக்கக்கூடாது. அதிலும் முடியாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து வழக்குக்கு முன்பே சமரசப் பேச்சுக்கு அழைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடியும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாகவே செல்லும். வக்கீல் நோட்டீஸ் கடைசி. நோட்டீஸ் போன பிறகு சேர்ந்து மேடை ஏறிய குழுவை நான் பார்த்ததில்லை.

காலக்கெடு ஒன்று: கூட்டு கலைந்தால், கணக்குக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான். நட்புக்காகப் பொறுத்திருப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

8. ஒருவர் விலகும்போது

எழுத்தில் அறிவிப்பு, அறுபது நாளோ தொண்ணூறு நாளோ பத்திரத்தில் உள்ளபடி. பிறகு கணக்குத் தீர்வுத் தாள். அதில் விலகும் நாள்வரையிலான நிகழ்ச்சிப் பங்கு, வரவேண்டிய பாக்கி, குழு நிதியில் அவர் பங்கு, கருவிகள் யாருக்கு என எல்லாம் தொகையாக இருக்கவேண்டும். தீர்க்காமல் அவர் பங்கை வைத்தே தொழிலைத் தொடர்ந்தால், கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி அவர் தன் பங்குக்குரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம்.

விலகியவரின் பாட்டுப் பங்கு அவரோடு போகும். அவர் எழுதிய வரிகளின் ராயல்டி, குழுவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குத்தான். பதிப்புரிமை ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் நிற்கும். மீதிக் குழு அந்தப் பாட்டை மேடையில் வாசிக்க அவர் சம்மதத்தைத் தீர்வுத் தாளிலேயே வாங்கிவிடுங்கள். அன்று சுலபமாகத் தருவார்.

விலகுபவருக்கு ஓர் எச்சரிக்கை. நீங்கள் கூட்டாளியாக இல்லை என்று பொது அறிவிப்பு வரும்வரை, வெளியாருக்கு நீங்கள் பொறுப்பாளிதான். மீதிப்பேர் அட்வான்ஸ் வாங்கிவிட்டு நிகழ்ச்சிக்குப் போகாவிட்டால் ஏற்பாட்டாளர் உங்களையும் கேட்கலாம். பதிந்த நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். விளம்பரச் செலவு யாருடையது என்று தீர்வுத் தாளில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த விளம்பரம் வெளிவரவே வராது.